தன்னிறைவின் அளவுகோல்

ஆபத்துக் காலத்தில் ஒரு நாட்டுப்புறம் சொந்தக் காலில் நிற்க வல்லதா என்பதை, அதன் வனப்பைக் கொண்டன்று, நீர், தானியம், எரிபொருள், மார்க்கம் ஆகிய நான்கைக் கொண்டே நிர்ணயிக்க வேண்டும். அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில், ஏறத்தாழ 22,000 சதுர கிலோமீட்டர் பரப்பில், 2020-ஆம் ஆண்டுக் கணக்குப்படி 16,541 பேரே வசிக்கும் ஐடஹோ கவுண்டியை இவ்விதம் பரிசீலித்தால், சால்மன், கிளியர்வாட்டர் நதிகள் ஜலத்தையும், கேமஸ் சமவெளி கோதுமையையும், அடர்ந்த கானகம் விறகையும் தாராளமாய் அளிப்பது புலனாகும். ஆயினும், நிலத்தின் பெரும்பகுதி மத்திய சர்க்காருக்குரியதாகையால் குடியேற இடம் சுருங்குகிறது. கோடையில் காட்டுத்தீயும் குளிர்காலத்தில் பனியும் மலையிடுக்குகளின் சொற்பப் பாதைகளை அடைத்துவிடக்கூடும். டிராக்டருக்கு வேண்டிய டீசலோ வெளியிலிருந்தே வந்தாக வேண்டும். பாதை அடைபட்ட நாளில் முதலில் உதவக்கூடியவர் அண்டை வீட்டாரே ஆதலால், அங்கே குடியேற எண்ணுபவர் பண்டசாலையை நிரப்புமுன் அவர்களுடைய சிநேகத்தைச் சம்பாதித்துக்கொள்வதே விவேகம்.