வக்ஃப் நிலத்தை ட்ரோனில் அளக்கும் முன்

2025 ஜூனில் மத்திய அரசின் உமீத் இணையதளம் தொடங்கி, வக்ஃப் சொத்துகளின் விவரங்களைப் பதிவேற்றச் சொன்னதிலிருந்து பல மஹல்லாக்களில் இதே பேச்சுதான். நம் நிலம் எவ்வளவு? எதுவரை? பழைய பத்திரத்தை எடுத்தால் "கிழக்கே வாய்க்கால், மேற்கே பனந்தோப்பு" என்று எழுதியிருக்கும். இன்று வாய்க்கால் தூர்ந்துவிட்டது, பனந்தோப்பு வீட்டுமனைகளாகிவிட்டது. இந்த நேரம் பார்த்து, "ட்ரோன் விட்டால் அரை மணி நேரத்தில் அளந்து தந்துவிடுகிறோம்" என்று யாராவது வருகிறார்கள். நிர்வாகிகளும் மகிழ்ந்துபோய் ஒப்புக்கொள்கிறார்கள்.

ட்ரோன் நல்ல கருவிதான். நான்கு பேர் சங்கிலி பிடித்து இரண்டு நாள் அளக்க வேண்டிய இடத்தை ஒரு காலைப் பொழுதில் படமெடுத்துவிடும். ஆனால் அது எடுப்பது படம். அந்தப் படம் அளவாக மாறுவதற்குத் தரையில் செய்ய வேண்டிய வேலை இருக்கிறது. அதைச் செய்யாமல் கொடுக்கப்படும் வண்ண வரைபடத்தை நம்பி வேலி போட்டால், பக்கத்து நிலத்துக்காரருடன் வழக்குதான் மிஞ்சும்.

ட்ரோன் முன்னும் பின்னுமாகப் பறந்து நூற்றுக்கணக்கான படங்களை எடுக்கிறது. அடுத்தடுத்த படங்கள் 75 முதல் 80 சதவீதம் வரை ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்க வேண்டும். பக்கவாட்டில் 60 முதல் 70 சதவீதம். மென்பொருள் இவற்றைத் தைத்து ஒரே வரைபடமாக்குகிறது. 20 மெகாபிக்சல் கேமரா ஒன்று 100 மீட்டர் உயரத்திலிருந்து எடுத்தால், படத்தின் ஒவ்வொரு புள்ளியும் தரையில் ஏறத்தாழ 2.7 சென்டிமீட்டர். 60 மீட்டருக்கு இறங்கினால் 1.6 சென்டிமீட்டர். விற்க வருபவர் இந்த எண்ணைத்தான் காட்டி, "மூன்று சென்டிமீட்டர் துல்லியம் பாய்" என்பார். அது படத்தின் தெளிவு. சாதாரண ட்ரோனில் இருக்கும் ஜிபிஎஸ், தான் எங்கே இருக்கிறோம் என்பதையே சில மீட்டர் தவறாகச் சொல்லும். படம் கண்ணாடிபோல் தெளிவாக இருக்கும். மொத்த நிலமும் இரண்டு மூன்று மீட்டர் தள்ளி உட்கார்ந்திருக்கும்.

ஒரு சாண் நிலத்தை அநியாயமாக எடுத்துக்கொள்பவர் பற்றிய ஹதீஸின் எச்சரிக்கையை நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். ஒரு சாண் என்பது சுமார் 23 சென்டிமீட்டர். 60 மீட்டர் நீளமுள்ள எல்லைக்கோடு ஒரு சாண் நகர்ந்தால் ஏறத்தாழ மூன்றில் ஒரு சென்ட் நிலம் கைமாறிவிடும். இரண்டு மீட்டர் நகர்ந்தால் மூன்று சென்ட். இது கபரஸ்தானுக்கு மட்டும் உள்ள கவலை இல்லை. வாரிசுப் பங்கீட்டில் பிள்ளைகள் உள்ள மனைவிக்கு எட்டில் ஒன்று என்றால், ஒரு ஏக்கரில் 12.5 சென்ட். அதில் மூன்று சென்ட் குறைவது சின்ன விஷயமா?

இந்தப் பிழையைப் போக்கும் வழி தரையில் இருக்கிறது. நிலத்தின் நான்கு மூலைகளிலும் நடுவிலுமாகக் குறைந்தது ஐந்து இடங்களில் கறுப்பு வெள்ளைப் பலகைகளை வைத்து, அந்த இடங்களைத் துல்லியமான ஜிஎன்எஸ்எஸ் கருவியால் அளந்துகொள்ள வேண்டும். இவை கட்டுப்பாட்டுப் புள்ளிகள். வரைபடத்தை இவற்றோடு பிணைத்தால்தான் அது சரியான இடத்தில் உட்காரும். ஆர்டிகே வசதியுள்ள ட்ரோன் என்றால் பலகைகள் குறையலாம். அறவே வேண்டாம் என்று யாராவது சொன்னால் ஏற்காதீர்கள்.

அதோடு இன்னும் சில புள்ளிகளை அளந்து, அவற்றை மென்பொருளுக்குச் சொல்லாமல் மறைத்து வைத்திருக்க வேண்டும். வரைபடம் தயாரான பிறகு, அதில் அந்த இடங்கள் எங்கே விழுகின்றன என்று ஒப்பிட வேண்டும். இவைதான் சரிபார்ப்புப் புள்ளிகள். ஏஎஸ்பிஆர்எஸ் என்ற அமெரிக்க நிபுணர் அமைப்பு 2023இல் வெளியிட்ட தரநிலை, முறையான மதிப்பீட்டுக்குக் குறைந்தது 30 சரிபார்ப்புப் புள்ளிகள் கேட்கிறது. ஓர் ஏக்கர் கபரஸ்தானுக்கு அத்தனை தேவையில்லை என்பது என் கருத்து, ஐந்தாறாவது இருக்கட்டும். அந்த ஒப்பீட்டின் முடிவை எழுத்தில் வாங்குங்கள். வரைபடத்தைவிட அந்த ஒரு பக்க அறிக்கைதான் முக்கியம்.

இன்னொரு நுணுக்கம், பலர் கவனிக்காதது. உருண்டையான பூமியைத் தட்டையான தாளில் விரிக்கும்போது நீளங்கள் சற்று மாறும். யுடிஎம் என்ற முறையில் தமிழ்நாட்டை 78 பாகை தீர்க்கரேகை இரண்டாகப் பிரிக்கிறது. மேலப்பாளையமும் கோவையும் 43ஆம் மண்டலம். காயல்பட்டினம், கீழக்கரை, நாகூர் எல்லாம் 44. அந்தக் கோட்டை ஒட்டிய காயல்பட்டினத்தில், தரையில் 100 மீட்டர் என்பது வரைபடக் கணக்கில் ஏறத்தாழ 8 சென்டிமீட்டர் கூடுதலாக வரும். ஆகவே, கொடுக்கப்படும் நீளங்கள் தரை அளவா, வரைபட அளவா என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாதவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள்.

ட்ரோனுக்குத் தெரியாதவையும் உண்டு. சீமைக்கருவேலம் மண்டிய கபரஸ்தானில் அது மரத்தின் உச்சியைத்தான் பார்க்கும், எல்லைக்கல்லைப் பார்க்காது. முதலில் புதரை வெட்டி, கற்களைத் தேடிக் கண்டுபிடித்துச் சுண்ணாம்பு அடித்த பிறகே பறக்கவிட வேண்டும். பக்கத்து வீட்டுக் கூரை நம் பக்கம் நீட்டிக்கொண்டிருந்தால், மேலிருந்து பார்க்கும்போது சுவர் மறைந்து கூரை விளிம்புதான் தெரியும். அதை ஆக்கிரமிப்பு என்று அவசரப்பட்டுச் சொல்லிவிடக் கூடாது. சுவரை டேப் பிடித்துத்தான் அளக்க வேண்டும்.

இனி சட்டம். 2021 ஆகஸ்டில் வந்த ட்ரோன் விதிகளின்படி ஒவ்வொரு ட்ரோனுக்கும் தனி அடையாள எண் வேண்டும். நானோ வகை தவிர மற்றவற்றுக்கு மூன்றாம் நபர் காப்பீடு வேண்டும். 250 கிராம் வரை நானோ, அதற்கு மேல் 2 கிலோ வரை மைக்ரோ. 2 கிலோ வரையிலான ட்ரோனை வணிக நோக்கமின்றிப் பறக்கவிடுபவருக்குப் பைலட் சான்றிதழ் தேவையில்லை என்ற சலுகையைத்தான், நிக்காஹ் வீடியோ எடுக்கும் தம்பிகள் காட்டுவார்கள். கூலி வாங்கி அளக்கும்போது அது வணிகம். மைக்ரோ ட்ரோனாக இருந்தாலும் சான்றிதழ் கட்டாயம். விதியை மீறினால் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம்.

எங்கே பறக்கலாம் என்பதற்கு அரசின் வான்வெளி வரைபடம் இருக்கிறது. பச்சை மண்டலத்தில் 400 அடி வரை அனுமதி தேவையில்லை. விமான நிலையச் சுற்றெல்லையிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டருக்குள் என்றால் 200 அடி வரைதான் அந்தச் சலுகை. மஞ்சளில் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டின் அனுமதி வேண்டும். சிவப்பில் மத்திய அரசின் அனுமதி. உச்சிப்புளியில் கடற்படையின் விமானத் தளம் இருப்பதால் ராமநாதபுரம் மாவட்ட ஜமாஅத்துகள் இந்த வரைபடத்தைப் பார்க்காமல் தேதி குறிக்க வேண்டாம். எங்கும் அன்று காலை ஒருமுறை மறுபடி பார்ப்பது நல்லது. அரசு சில நேரம் தற்காலிகத் தடை போடுவதுண்டு.

சட்டத்தில் இல்லாவிட்டாலும் நம் பண்பில் உள்ள ஒன்று, அக்கம்பக்க வீடுகளுக்கு முன்கூட்டியே சொல்வது. கொல்லைப்புறத்தில் பெண்கள் துணி காயப்போட்டுக்கொண்டிருக்கும்போது தலைக்கு மேல் கேமரா சுற்றினால் யாருக்குத்தான் கோபம் வராது? முந்தைய ஜும்ஆவில் அறிவிப்புச் செய்துவிட்டு, மாற்று மதச் சகோதரர்களின் வீடுகளுக்கு நேரில் போய்ச் சொல்லிவிடுங்கள். நம் நிலத்துக்கு வெளியே விழுந்த படங்களை அழித்துவிட வேண்டும் என்பதையும் ஒப்பந்தத்திலேயே எழுதிவிடலாம்.

எல்லாம் முறையாகச் செய்தாலும் ட்ரோன் வரைபடம் பட்டா ஆகாது. தமிழ்நாட்டில் எல்லையைத் தீர்மானிப்பது 1923ஆம் ஆண்டின் நில அளவை மற்றும் எல்லைகள் சட்டமும், வருவாய்த்துறையின் புலப்படமும்தான். சிலர் புலப்படத்தை ஸ்கேன் செய்து ட்ரோன் படத்தின் மேல் ஒட்டிக் காட்டுவார்கள். 1:2000 அளவில் வரைந்த படத்தில் அரை மில்லிமீட்டர் பேனாக் கோடு தரையில் ஒரு மீட்டர் அகலம்! அந்தக் கோட்டை வைத்து யாரையும் ஆக்கிரமிப்பாளர் என்று சொல்ல முடியாது. கோட்டின் மேல் எழுதியிருக்கும் எண்களைத்தான் எடுத்துக் கணக்கிட வேண்டும்.

ஆகவே முதலில் அ-பதிவேடு, புலப்பட நகல், வக்ஃப் வாரியப் பதிவு மூன்றையும் எடுத்து, சர்வே எண்ணும் உட்பிரிவும் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். பிறகு அரசு நில அளவருக்கு விண்ணப்பித்துக் கட்டணம் கட்டி, பக்கத்து நிலத்தாருக்கு அறிவிப்புக் கொடுத்து, அவர்கள் முன்னிலையில் கல் நடச் செய்யுங்கள். அந்தக் கற்களின் மேல் பலகை வைத்துவிட்டு அதற்கடுத்த வாரம் ட்ரோனைப் பறக்கவிட்டால், பின்னாளில் ஒரு கல் காணாமல் போனாலும் அது இருந்த இடம் தேதியோடு உங்கள் கையில் இருக்கும். வழக்கு வந்து நீதிமன்றம் வழக்கறிஞர் ஆணையரை அனுப்பினால், அவருடன் வரும் நில அளவரிடம் அந்த வரைபடத்தையும் சரிபார்ப்பு அறிக்கையையும் சேர்த்துக் கொடுக்கலாம்.