துண்டும் ஒப்பந்தமும்

தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குச் சென்ற சொற்கள் எவையென்று வினவினால், மாணவர்கள் கட்டுமரத்தையும் மிளகுதண்ணீரையும் எடுத்துக் கூறுவர். கண்டிச் சீமையிலிருந்து ஆங்கில அறிக்கைகளுக்குள் புகுந்த சொல்லொன்றும் உண்டு. ‘துண்டு’ என்பதே அது. ஒரு மனிதன் ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டத்துக்குப் போவதற்கு எவ்வளவு பணம் கட்ட வேண்டும் என்று எழுதிய சீட்டுக்கு அப்பெயர் வழங்கிற்று. இன்று உலகின் பெரிய உதைபந்தாட்டக் கழகங்கள் தம் வீரர்களைக் கைமாற்றும்பொழுது எழுதிக்கொள்ளும் ஒப்பந்தங்களைப் படிப்போர்க்கு அந்தப் பழைய சீட்டின் நினைவு எழாமற் போகாது. இரண்டும் எங்கே ஒன்றுபடுகின்றன, எங்கே வேறுபடுகின்றன என்பதைச் சற்று ஆராய்வோம்.

தோட்டத் துரைமாரின் சங்கம் 1854ஆம் ஆண்டில் கண்டி நகரிலேயே நிறுவப்பட்டது. கோப்பிக்கும், பின்னர் தேயிலைக்கும் வேண்டிய ஆட்களைத் தமிழகத்திலிருந்து அழைத்து வந்தவர்கள் கங்காணிமார். வழிச்செலவுக்கும் முன்பணத்துக்குமாகக் கொடுத்த தொகை தொழிலாளியின் பேரில் கடனாக ஏறியது. அவன் வேறு தோட்டத்துக்குப் போக விரும்பினால், கடன் தீர்ந்தால் ஆளை விடுவிக்கச் சம்மதம் என்று துரை துண்டு எழுதிக் கொடுப்பார். புதிய தோட்டம் அத்தொகையைச் செலுத்தி ஆளை எடுத்துக்கொள்ளும். கடன் தீர்ந்ததா? தீரவில்லை, பழைய கணக்கிலிருந்து புதிய கணக்குக்கு அது மாறியது. ஆட்களுக்குத் தட்டுப்பாடு மிகுந்தபொழுது தோட்டங்கள் போட்டியிட்டன. கங்காணிமார் ஆட்கூட்டத்தோடு பெயர்ந்து சென்றனர். ஒவ்வொரு பெயர்ச்சியிலும் கடன் வளர்ந்தது. விலை ஏறியது, அந்த ஏற்றத்தைச் சுமந்தவனோ கொழுந்து பறிக்கும் மலையில் நின்றான்.

இனி உதைபந்தாட்டத்துக்கு வருவோம். காணி வாங்கி விற்போர்க்கு இரு வழக்கங்கள் தெரியும். அறுதியாக விற்பது ஒன்று. இத்தனை ஆண்டுக்குள் இன்ன தொகை கொடுத்தால் மீட்டுக்கொள்ளலாம் என்று தவணை வைத்து விற்பது மற்றொன்று. கழகங்கள் எழுதும் மீட்டுரிமை இவ்விரண்டாம் வகையைச் சேர்ந்தது. ஸ்பானியக் கழகமாகிய ரியல் மட்ரிட், அல்வரோ மொராட்டா என்னும் இளம் வீரரை 2014இல் சுமார் 2 கோடி யூரோவுக்கு இத்தாலியக் கழகமாகிய யுவென்டசுக்கு விற்றது. விற்கும்பொழுதே மீட்டுரிமையையும் எழுதிக்கொண்டது. 2016இல் சுமார் 3 கோடி யூரோ கொடுத்து அவரை மீட்டது. அடுத்த ஆண்டே அதனினும் பெருந்தொகைக்கு இலண்டன் நகரத்துச் செல்சிக்கு விற்றது. பிறர் களத்தில் ஆடிப் பழகிய திறமையின் பயன், முன்னரே குறித்த விலையால், பழைய கழகத்துக்கு வந்து சேர்ந்தது.

மற்றொரு விதி மறுவிற்பனைப் பங்கு. வாங்கிய கழகம் பின்னொரு நாள் வீரரை விற்குமானால், முதலில் விற்ற கழகத்துக்கு அதில் ஒரு பங்கு சேரும். ரஹீம் ஸ்டேர்லிங்கைச் சிறுவனாக லிவர்பூலுக்கு விட்டுக்கொடுத்த குயீன்ஸ் பார்க் ரேஞ்சர்ஸ், 20 வீதப் பங்கை எழுதி வைத்திருந்தது. 2015இல் மன்செஸ்டர் சிற்றி 4 கோடி பவுணுக்கு மேற்பட்ட தொகைக்கு அவரை வாங்கியபொழுது அவ்வெழுத்துப் பலன் தந்தது. இங்கே ஒரு சொல்லின் அருமையையும் காணலாம். 10 இலட்சத்துக்கு வாங்கிய வீரர் 1 கோடிக்கு விலைபோனால், முழு விலையில் 20 வீதம் 20 இலட்சம். இலாபத்தில் 20 வீதம் 18 இலட்சம். ‘இலாபத்தில்’ என்னும் ஒரு சொல்லின் விலை 2 இலட்சம்!

துண்டுக்கும் இதற்கும் வேறுபாடு யாது? துண்டில் எழுதிய தொகை தொழிலாளியின் கடன். அது அவனோடு நடந்து சென்றது. ஒப்பந்தத்தில் எழுதிய தொகை கழகத்துக்கும் கழகத்துக்கும் இடைப்பட்ட கணக்கு; வீரரின் ஊதியத்தில் அது பற்று வைக்கப்படுவதில்லை. மீட்டுரிமையை நடத்துவதானாலும், வீரர் இசைந்து புதிய ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டாலன்றி அவர் பெயர்வதில்லை.

ஆனால் இந்த வேறுபாடு தானாக விளைந்ததன்று, போராடிப் பெற்றது. இங்கிலாந்தில் ஒப்பந்தக் காலம் முடிந்த பின்னரும் வீரரை விடாது பிடித்து வைத்திருக்கும் வழக்கம் இருந்தது. ஜோர்ஜ் ஈஸ்ட்ஹாம் என்பவர் நியூகாசில் கழகத்தின்மீது தொடுத்த வழக்கில், 1963இல் அவ்வழக்கம் தொழில் செய்யும் உரிமைக்கு நியாயமற்ற தடை எனத் தீர்ப்பாயிற்று. தீர்ப்பளித்த நீதிபதி வில்பர்போஸ், அடிமை வாணிகத்தை எதிர்த்த வில்லியம் வில்பர்போசின் வழித்தோன்றல். 1995இல் ஐரோப்பிய நீதிமன்றம், ஐரோப்பிய ஒன்றியத்து வீரரான ஜோன் மார்க் பொஸ்மனின் வழக்கில், ஒப்பந்தம் முடிந்த வீரருக்கு ஒன்றியத்து நாடுகளிடையே கைமாற்றுத் தொகை கேட்கலாகாது என்றது. கழகமல்லாத பிறர் வீரரின் விலையில் பங்குகொள்வதை உலக உதைபந்தாட்டச் சம்மேளனம் 2015இல் தடைசெய்தது.

கண்டிச் சீமை இவ்வழியில் முன்னே நடந்துவிட்டது. 1919இல் தொழிலாளர் நலனுக்கெனச் சங்கம் நிறுவிய சேர் பொன்னம்பலம் அருணாசலம் போன்றோரின் முயற்சியின் பின், 1921இல் துண்டு முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. வறுமை அதனோடு ஒழியவில்லை; எனினும் மனிதனை விலைச்சீட்டோடு அனுப்பும் வழக்கம் நின்றது.

வளர்த்தவனுக்குப் பங்கு வேண்டாமா என்று கேட்கலாம். வேண்டும். 2001 முதல் வழங்கும் விதியொன்றின்படி, ஒப்பந்தக் காலத்திலுள்ள வீரர் நாடுவிட்டு நாடு கைமாறும்பொழுது, தொகையில் 5 வீதம் அவரை 12 வயது முதல் 23 வயது வரை பயிற்றிய கழகங்களுக்குப் பிரித்தளிக்கப்படும். 1 கோடி ரூபாவுக்கு, முதல் நான்கு ஆண்டுகளில் ஆண்டொன்றுக்கு 25,000 ரூபாவும், பின்னர் ஆண்டொன்றுக்கு 50,000 ரூபாவும் சேரும்.

கண்டி என்றால் நித்தவெலை மைதானத்து றகரே பலருக்கு நினைவு. ஆயினும் கண்டி மாவட்டத்து நாவலப்பிட்டியில் உதைபந்துக்கும் உயிருண்டு; 2021இல் தொடங்கிய இலங்கை சுப்பர் லீக்கில் ஆடிய பத்துக் கழகங்களுள் அவ்வூர் அப்கன்ட்ரி லயன்சும் ஒன்று. தோட்டத்து மைதானத்தில் பந்துதைக்கும் சிறுவன் ஒருவன் நாளை கடல் கடந்து புகழ்பெறக்கூடும். அவனை வளர்த்த கழகம் இன்றே அவன் பெயரை முறைப்படி பதிந்து வைத்திருந்தால், அதற்குரிய பங்கு தேடி வரும், பதிவில்லையேல் வாராது. ஆசிரியர்களும் பயிற்றுநரும் இதனை மனங்கொள்ள வேண்டும்.

வளர்த்த கைக்கு உரிமை உண்டு; அவ்வுரிமை பணத்தின்மேல் நிற்கலாம், ஆளின்மேல் நிற்கலாகாது. இதனைக் கற்றுக்கொள்வதற்கு மலைநாட்டுத் தமிழர் கொடுத்த விலை எந்தக் கழகமும் கொடாத விலை.