உங்களுக்குத் தெரியுமா? ஒயின் பட்டியலில் முத்திரை மட்டும் போதாது

இத்தாலிய உணவகத்தின் ஒயின் பட்டியலை எடைபோடும்போது, அந்நாட்டின் உச்சத் தர வகுப்பான டி.ஓ.சி.ஜி. முத்திரை பெற்றவை எத்தனை என்று எண்ணுவோர் உண்டு. அந்த அளவுகோல் சரியில்லை என்பதற்கு டஸ்கனியே சாட்சி. 1963-இல் வந்த டி.ஓ.சி. என்ற பிறப்பிடப் பெயர்ச் சட்டத்தின் கீழ் வகுக்கப்பட்ட கியாந்தி விதிப்படி, அந்தச் சிவப்பு ஒயினில் வெள்ளைத் திராட்சையும் சேர்ந்தாக வேண்டியிருந்தது. அந்தினோரி குடும்பம் தன் தின்யானெல்லோ ஒயினில் 1975-இல் அதை அடியோடு விட்டது. பிரெஞ்சுத் திராட்சையான கேபர்னே சாவிஞ்ஞோனை நம்பிய சாஸிகாயா என்ற டஸ்கனி ஒயின், 1968 அறுவடை முதல் விற்பனைக்கு வந்தது. இரண்டுக்கும் சட்டம் கொடுத்த இடம் 'மேசை ஒயின்' என்ற கடைசிப் படி! விலையோ முத்திரை பெற்ற பலவற்றைத் தாண்டியது. 1992-இல் ஐ.ஜி.டி. என்ற புதிய வகுப்பை உண்டாக்கித்தான் இந்தச் சங்கடத்துக்கு அரசு வழி கண்டது.

அப்படியானால் முத்திரையே வீணா? இல்லை. எந்த ஊரில், எந்த முறையில் ஆனது என்பதற்கு அது உத்தரவாதம். செய்தவரின் கைத்திறனுக்கு அது பொறுப்பேற்காது. ஆகவே, 'பரோலோ' என்று ஒயின் வகையை மட்டும் அச்சிட்டு, தயாரிப்பாளர் பெயரையும் அறுவடை ஆண்டையும் விட்டுவிடும் பட்டியல் பாதிச் செய்தியைத்தான் சொல்கிறது. நீண்ட பட்டியல் அக்கறையைக் காட்டாதா என்று கேட்கலாம். நீளத்தைவிடப் பரப்பே முக்கியம்: இத்தாலியின் 20 பிராந்தியங்களிலும் ஒயின் உண்டு. சிசிலியின் எத்னா எரிமலைச் சரிவுகளும் கம்பானியாவின் அல்யானிக்கோ திராட்சையும் எட்டிப்பார்க்காத பட்டியல் எத்தனை பக்கம் ஓடியும் என்ன பயன்? அடுத்த முறை பட்டியல் கைக்கு வந்தால், முதலில் தயாரிப்பாளர் பெயரைத் தேடுங்கள்.