வீட்டு எண்ணில் சிக்கிய ஓட்டு

திருவனந்தபுரத்தில் வீடுகளின் கதவிலக்கம் 'டி.சி.' என்று தொடங்கும். அடுத்து வார்டு எண், ஒரு சாய்கோடு, கட்டட எண். சொத்து வரி கட்டும்போது மட்டும் ஞாபகம் வரும் இந்த எண்ணை வைத்து, 2025 நவம்பரில் ஒரு வேட்பாளரின் பெயரையே வாக்காளர் பட்டியலிலிருந்து தூக்கிவிட்டார்கள்.

மாநகராட்சித் தேர்தலில் முட்டடா வார்டுக்குக் காங்கிரஸ் நிறுத்திய வைஷ்ணா சுரேஷுக்கு வயது 24. இடதுசாரிகளின் கோட்டை என்று பேர்பெற்ற வார்டு அது. அவர் வீடு வீடாக ஓட்டுக் கேட்டுக்கொண்டிருந்தபோது மார்க்சிஸ்ட் கட்சிக்காரர் ஒருவர் ஆட்சேபம் கொடுத்தார்: பட்டியலில் இவர் பெயருக்கு நேரே இருக்கும் வீட்டில் வேறு குடும்பம் வசிக்கிறது. பெயர் நீக்கப்பட்டது. உள்ளாட்சிப் பட்டியலில் பெயர் இல்லாதவர் உள்ளாட்சித் தேர்தலில் நிற்க முடியாது. அடையாள அட்டையில் எண் சரியாகத்தான் இருக்கிறது, பட்டியலில்தான் பிழை என்றது வைஷ்ணா தரப்பு.

வழக்கு கேரள உயர் நீதிமன்றத்துக்குப் போனது. வெறும் அரசியல் காரணத்துக்காக ஓர் இளம்பெண்ணின் போட்டியிடும் உரிமையைத் தட்டிப் பறிக்கக் கூடாது என்ற நீதிபதி பி.வி. குஞ்ஞிகிருஷ்ணன், உடனே முடிவெடுக்கும்படி மாநிலத் தேர்தல் ஆணையத்துக்கு உத்தரவிட்டார். வேட்புமனுவுக்குக் கடைசி நாள் நவம்பர் 21. ஆணையம் 19ஆம் தேதி பெயரைத் திரும்பச் சேர்த்தது. டிசம்பர் 13 அன்று வாக்குகளை எண்ணியபோது வைஷ்ணா 397 ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்திருந்தார்.

எதிராளியின் விவரங்களைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பது தேர்தலில் சகஜம். அதற்காகப் புகார் கொடுத்தவர் மேல் கோபப்பட்டுப் பயனில்லை. வீட்டு எண் பிழை என்றால் திருத்த வேண்டியது எண்ணை. அதிகாரிகள் ஆளையே நீக்கினார்கள் என்பதுதான் உறுத்துகிறது. வைஷ்ணாவுக்குப் பின்னால் கட்சி இருந்தது, வக்கீல் இருந்தார், தொலைக்காட்சி கேமராக்கள் இருந்தன. திருவனந்தபுரத்துச் சாலைக் கடைத்தெருவில் மூட்டை தூக்கும் ஒருவரின் பெயர் இப்படிப் போயிருந்தால், வாக்குப்பதிவு நாளில் பூத் ஏஜென்ட் பட்டியலைப் புரட்டி உதட்டைப் பிதுக்கும்போதுதான் அவருக்கே தெரியவந்திருக்கும்.

அதே வாரம், அதே நீதிபதியிடம், கோழிக்கோட்டிலிருந்து இன்னொரு மனு வந்தது. அங்கே காங்கிரஸ் களமிறக்க முடிவு செய்திருந்த திரைப்பட இயக்குநர் வி.எம். வினுவின் பெயரும் பட்டியலில் இல்லை. நீதிமன்றம் மனுவைத் தள்ளுபடி செய்தது. வரைவுப் பட்டியல் வெளியானபோது அவர் பார்க்கவில்லை, ஆட்சேபம் சொல்லவில்லை. பிரபலம் என்பதற்காகத் தனிச் சலுகை கிடையாது என்றார் நீதிபதி. கறாரான தீர்ப்புதான், ஆனால் நியாயமானது.

இங்கே ஒரு குழப்பத்தையும் தீர்த்துக்கொள்ள வேண்டும். கேரளத்தில் சட்டமன்ற, மக்களவைத் தேர்தல்களுக்கு இந்தியத் தேர்தல் ஆணையத்தின் பட்டியல். உள்ளாட்சிக்கு மாநிலத் தேர்தல் ஆணையத்தின் பட்டியல். ஒன்றில் பெயர் இருந்தால் மற்றதிலும் இருக்கும் என்று நம்பக் கூடாது.

பெயரை வெட்டுவது ஒரு வித்தை என்றால், கூட்டுவது பழைய வித்தை. 2021 சட்டமன்றத் தேர்தலின்போது எதிர்க்கட்சித் தலைவராக இருந்த ரமேஷ் சென்னித்தலா, மாநிலத்தில் 4.34 லட்சம் போலி, இரட்டைப் பதிவுகள் இருப்பதாகப் பட்டியல் போட்டார். தேர்தல் ஆணையம் ஒப்புக்கொண்டது 38,586. இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்குமான தூரம். இரட்டைப் பதிவு உள்ளவர்கள் ஒரு தடவைதான் ஓட்டுப் போட வேண்டும், அதை உறுதி செய்ய ஆணையம் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. தமிழ்நாட்டிலும் கேரளத்தைப் போலவே ஏப்ரல் 6 அன்று வாக்குப்பதிவு நடந்ததால், எல்லையோரத்தில் இரண்டு பக்கமும் பெயர் வைத்திருந்தவர்கள் பேச்சும் அடிபட்டது.

இந்தக் குற்றச்சாட்டுகளை அப்படியே விழுங்கவும் முடியாது. 2016 சட்டமன்றத் தேர்தலில் மஞ்சேஸ்வரத்தில் வெறும் 89 ஓட்டில் தோற்ற பா.ஜ.க.வின் கே. சுரேந்திரன், இறந்தவர்கள் பேரிலும் வெளிநாட்டில் இருந்தவர்கள் பேரிலும் கள்ள ஓட்டு விழுந்ததாக வழக்குப் போட்டார். 'இறந்தவர்' ஒருவரின் வீட்டுக்குச் சம்மன் போனது. அவரே கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டார்! வழக்கு பிறகு திரும்பப் பெறப்பட்டது. ஆனால் 2019 மக்களவைத் தேர்தலில் கண்ணூர், காசர்கோடு பகுதிகளில் நடந்தது வெறும் பேச்சல்ல. கள்ள ஓட்டுப் போடும் காட்சி வாக்குச்சாவடி கேமராவிலேயே பதிவாகி, ஏழு சாவடிகளில் மறு வாக்குப்பதிவு நடத்த வேண்டியதாயிற்று.

சட்டத்தை மீறாமலே செய்யும் தில்லுமுல்லும் உண்டு. மலையாளிகள் 'அபரன்' என்பார்கள்: ஒரே பெயர் கொண்ட இன்னொருவரைச் சுயேச்சையாக நிறுத்துவது. 2004 மக்களவைத் தேர்தலில் ஆலப்புழையில் காங்கிரஸின் வி.எம். சுதீரன் தோற்றது 1,009 ஓட்டில், வி.எஸ். சுதீரன் என்ற சுயேச்சை வாங்கியது 8,000க்கும் மேல். 2024இல் ராமநாதபுரத்தில் ஓ. பன்னீர்செல்வத்தோடு இன்னும் ஐந்து ஓ. பன்னீர்செல்வங்கள் களத்தில் நின்றதை நம்மவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். வாக்குப்பதிவு இயந்திரத்தில் வேட்பாளரின் படம் ஒட்டும் வழக்கம் 2015இல் வந்ததே இந்தக் குழப்பத்துக்காகத்தான்.

இதெல்லாம் சில்லறை விஷயம் என்பவர்களுக்குத் திருவனந்தபுரம் மாவட்டத்து ஆற்றிங்கல் தொகுதியே பதில். 2024இல் காங்கிரஸின் அடூர் பிரகாஷ் அங்கே மக்களவைக்கு வென்றது 684 ஓட்டில். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்காளர்கள் உள்ள தொகுதியில், ஒரே ஒரு வாக்குச்சாவடியின் பட்டியலில் நடக்கும் திருகுதாளம் போதும் முடிவைப் புரட்டிப்போட.

அடுத்து வந்த கத்தரி இன்னும் பெரிது. இந்தியத் தேர்தல் ஆணையம் நடத்திய வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தத்துக்குப் பிறகு 2025 டிசம்பரில் வெளியான வரைவுப் பட்டியல்களில் தமிழ்நாட்டில் 97 லட்சம், கேரளத்தில் 24 லட்சம் பெயர்கள் விடுபட்டிருந்தன. இறந்தவர்கள், இடம் மாறியவர்கள், இரட்டைப் பதிவுகள் என்று காரணம் சொன்னது ஆணையம். பெரும்பகுதி உண்மையாகவே இருக்கலாம். அவர்களுக்கு நடுவே உயிரோடு அதே வீட்டில் குடியிருப்பவர் எத்தனை பேர் என்பதை, அவரவர் தேடிப் பார்த்துச் சொன்னால்தான் உண்டு.

'சர்கார்' படம் பார்த்துவிட்டு தேர்தல் விதி 49பி இருக்கிறதே என்று யாரும் தெம்பாக இருக்க வேண்டாம். உங்கள் ஓட்டை வேறொருவர் போட்டிருந்தால்தான் அந்த விதி. அப்போது தரும் வாக்குச்சீட்டும் உறையில் போய்விடும். வழக்கமான எண்ணிக்கையில் சேராது. பெயரே இல்லாதவருக்கு அதுவும் கிடையாது. வரைவுப் பட்டியல் வெளியாகும் நாளில் உங்கள் பெயர், வீட்டு எண், பாகம் எண் மூன்றையும் சரிபாருங்கள். அடையாள அட்டை கையில் இருந்தாலும், பட்டியலில் பெயர் இல்லையென்றால் ஓட்டுப் போட முடியாது.