உளியின் முதுகுக்கு ஒரு தேயிலை ரோலர்

ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா பக்கம் தச்சு வேலை செய்றவங்க கையில இருக்கிற பழைய உளி ஒண்ண வாங்கிப் பாருங்க. தீட்டின சரிவுப் பக்கம் பளபளன்னு இருக்கும். திருப்பினா முதுகுப் பக்கம் துரு தின்ன குழியும் மேடுமா கிடக்கும். நுவரெலியா 1,868 மீட்டர் உயரத்துல இருக்கிற ஊர். வருஷத்துல பாதி நாள் மழை, மீதி நாள் மூடுபனி. துடைக்காம வச்ச இரும்பு இங்க தப்பாது.

உளியோட வெட்டுவாய்ங்கிறது ரெண்டு பரப்பு சந்திக்கிற ஒரு கோடு. ஒரு பரப்புல குழி இருந்தா அந்தக் கோடு பல் பல்லாத்தான் வரும். சரிவை எத்தனை தடவை தீட்டினாலும் இது மாறாது. முதுகு முழுக்கச் சமமாகணும்னும் இல்ல, வாயில இருந்து ஒரு 3 சென்டிமீட்டர் சமமானாப் போதும். ஆனா குழி விழுந்த பழைய உளியில அந்த 3 சென்டிமீட்டரைக் கையால தேய்க்கிறது தோள்பட்டையை வாங்கிடும். அதனாலதான் மோட்டார்.

மோட்டார்னதும் எல்லாருக்கும் முதல்ல தோணுறது, ஒரு வட்டத் தட்டுல உப்புத்தாளை ஒட்டிச் சுத்த விடுறது. அதுல ரெண்டு கோளாறு இருக்கு. ஒண்ணு சூடு. நிமிஷத்துக்கு 1,440 சுத்து ஓடுற மோட்டார்ல, மையத்துல இருந்து 9 சென்டிமீட்டர் தள்ளி இருக்கிற புள்ளி செக்கனுக்கு 13 மீட்டருக்கு மேல ஓடும். கார்பன் எஃகு 200 பாகையைத் தாண்டினா பதம் இறங்க ஆரம்பிக்கும். நீல நிறம் கண்டுட்டா அந்த இடம் போச்சு. ரெண்டாவது கோளாறு இன்னும் மோசம். 9 சென்டிமீட்டர்ல இருக்கிற புள்ளி, 3 சென்டிமீட்டர்ல இருக்கிறதைவிட மூணு மடங்கு வேகமா ஓடுது. உளியோட ஒரு பக்கம் கூடத் தேயும், மறுபக்கம் குறையத் தேயும். சமமாக்கப் போன இடத்துல சாய்வு வந்து நிக்கும்.

அப்போ தட்டுல எல்லாப் புள்ளியும் ஒரே வேகத்துல ஓடணும். அந்த இயந்திரம் உங்க தோட்டத்து ஸ்டோருக்குள்ளேயே ஓடிட்டு இருக்கு. கொழுந்தை உருட்டுற ரோலர்.

ஜேம்ஸ் டெய்லர் 1867-ல லூல்கந்துரவுல தேயிலை போட்டப்போ, கொழுந்தை பங்களா வராந்தா மேசையில கையாலதான் உருட்டினாங்க, மணிக்கட்டுல இருந்து முழங்கை வரைக்கும் வச்சு. 1870-கள்ல அஸ்ஸாமுல வில்லியம் ஜாக்சன் உருட்டுற இயந்திரங்களைச் செஞ்சார். இன்னைக்கும் ஆர்த்தடாக்ஸ் தேயிலை போடுற ஸ்டோர்ல அந்த வம்சத்து ரோலர்தான். அடுத்த தடவை உள்ள போனா அதோட காலைப் பாருங்க. மூணு கிராங்க். கொழுந்து நிரம்பின அந்தக் கனமான பெட்டி வட்டமாப் போகும், ஆனா தன்னைத்தானே சுத்தாது. உங்க உள்ளங்கையை மேசையில வச்சு, விரல் நுனி எப்பவும் ஜன்னலையே பார்த்தபடி ஒரு வட்டம் போடுங்க. அதேதான். கையோட ஒவ்வொரு புள்ளியும் ஒரே அளவு வட்டம், ஒரே வேகம்.

ஏன் மூணு கிராங்க்? ரெண்டு மட்டும் இருந்தா, அது ரெண்டும் ஒரே நேர்கோட்டுல வர்ற நொடியில, ஒண்ணு முன்னாலயும் மத்தது பின்னாலயும் திரும்பப் பார்க்கும். மூணாவது அந்தக் கோட்டுல இல்லாம முக்கோணமா நின்னா, அது ரெண்டையும் வழிக்குக் கொண்டுவந்துடும். இதைச் செஞ்சவங்க மூளையை நினைச்சா எனக்கு இப்பவும் மலைப்பாத்தான் இருக்கு.

இப்ப நம்ம கருவி. மோட்டாருக்கு, பழைய வேன் வைப்பர் மோட்டார் ஒண்ணு போதும். உள்ளேயே கியர் இருக்கு. மெதுவான வேகத்துல நிமிஷத்துக்குச் சுமார் 45 சுத்து, வேகமானதுல சுமார் 65. ஸ்டோர் ரோலரும் கிட்டத்தட்ட அந்த 45-லதான் ஓடுது. 12 வோல்ட்டுங்கிறதால தண்ணி பக்கத்துல வச்சு வேலை செய்யப் பயமில்ல. பழைய கம்ப்யூட்டர் பவர் சப்ளையில மஞ்சள் வயரும் கறுப்பு வயரும் 12 வோல்ட் தரும். நடுவுல 10 ஆம்பியர் பியூஸ் ஒண்ணு கட்டாயம் போடுங்க. லயத்துல கரண்ட் அடிக்கடி போகுதுன்னா த்ரீவீலர் பேட்டரியே போதும்.

18 மில்லிமீட்டர் பிளைவுட்ல ரெண்டு பலகை. ஒண்ணு அடியில நிக்கும், ஒண்ணு மேல ஓடும். ரெண்டையும் ஒண்ணு மேல ஒண்ணா இறுக்கிக் கட்டி, முக்கோணமா மூணு துளையை ஒரே தடவையில போடுங்க. கிராங்குக்குத் தடிச்ச இரும்புப் பட்டை மூணு. ஒவ்வொண்ணுலயும் 25 மில்லிமீட்டர் இடைவெளியில ரெண்டு துளை. இதையும் மூணையும் சேர்த்துக் கட்டியே துளைங்க. அளவு தப்பா இருந்தாக்கூட மூணுலயும் ஒரே மாதிரி தப்பா இருக்கணும். மூணுல ஒண்ணு ஒரு மில்லிமீட்டர் மாறினாலும் பலகை இறுகி நின்னுடும். இந்த வேலையில அவசரமே கூடாத இடம் இதுதான். பலகைத் துளைகள்ல 608 பேரிங், கிராங்குல 8 மில்லிமீட்டர் போல்ட். ஒரு கிராங்கை மட்டும் மோட்டார் தண்டுல பூட்டுங்க, மத்த ரெண்டும் கூடவே வரும்.

மேல் பலகையில 10 மில்லிமீட்டர் கண்ணாடி. அது மேல வாட்டர் பேப்பரைப் பசையால அசையாம ஒட்டுங்க, இல்லேன்னா உளி வாய் தாளைக் கிழிச்சிடும். தட்டு 25 மில்லிமீட்டர் ஆரத்துல ஓடுது. வேகமான சுத்துலயும் செக்கனுக்கு 17 சென்டிமீட்டர்தான். கையால தேய்க்கிற வேகம். சூடு ஏறவே வழியில்ல.

உளியைப் பிடிக்கிற அமைப்பு இருக்கே, அதுலதான் நிறையப் பேர் சறுக்குவாங்க. உளியை இறுக்கிப் பூட்டக்கூடாது. பூட்டினா முதுகு கண்ணாடிக்குச் சமமாகாது, பூட்டுக்குத்தான் சமமாகும். அசையாத சட்டத்துல இருந்து ரெண்டு பக்கமும் தடுப்பு வச்சு, உளி விலகாமப் பாருங்க. மேலயும் கீழயும் அது சுதந்திரமா இருக்கட்டும். பிடி கனத்தால வாய் தூக்காம இருக்க, வாய்க்குப் பின்னால ஒரு கிலோ இரும்பை வைங்க. தட்டு முன்னும் பின்னும் 50 மில்லிமீட்டர் போகும்கிறதால பிடியில இடிக்காத அளவு இடம் விடணும்.

முதுகுல மார்க்கர் பேனாவால கறுப்படிச்சு ஓட விடுங்க. மை மிச்சமிருக்கிற இடமெல்லாம் பள்ளம். 120 நம்பர் தாள்ல மை முழுசாப் போற வரைக்கும் இருங்க, அடுத்த தாளுக்குத் தாவாதீங்க. அதுக்குப் பிறகு 240, 400, 800, 1200 எல்லாம் விறுவிறுன்னு முடியும். ஒரே இடத்துல தாள் தேயாம இருக்க, அப்பப்ப சட்டத்தைப் பக்கவாட்டுல நகர்த்துங்க. ஓடும்போது ரெண்டு பலகைக்கு நடுவுல விரலை விடாதீங்க. வைப்பர் மோட்டார் மெதுவா ஓடினாலும் அதோட பலம் விரலை நசுக்கிடும்.

இழைப்புளித் தகட்டோட முதுகுக்கும் இதே கருவி சரிப்படும். கவ்வாத்துக் கத்திக்கு வேண்டாம். அது வளைஞ்ச வாய், அதுக்குக் கல்லும் கையும்தான். முடிச்சதும் உளியைத் துடைச்சு, தேங்காய் எண்ணெய் வேண்டாம், அது பிசுக்காகும், தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு தடவி வைங்க.