பயணப் பயமும் ஜப்பானியக் குளியலறையும்

வெளிநாட்டுப் பயணம் என்றதும் பின்வாங்குகிறவர்களிடம் காரணம் கேட்டால், முதலில் வருவது பாதுகாப்புதான். ஊர் புதிது, மொழி தெரியாது, ஏதாவது ஒன்று ஆகிவிட்டால் யாரிடம் போய் நிற்பது என்பார்கள். இந்தக் காரணத்தை ஜப்பானை வைத்துச் சோதித்துப் பார்க்கலாம். கொலைக் குற்றம் மிகக் குறைவாக நடக்கும் நாடுகளில் அது ஒன்று. குடை, பர்ஸ், கைப்பேசி என்று டோக்கியோ காவல்துறையிடம் ஆண்டுக்குச் சுமார் 40 லட்சம் தொலைந்த பொருட்கள் வந்து சேர்கின்றன. கண்டெடுத்தவர்கள் மெனக்கெட்டுக் கொண்டுவந்து கொடுக்கிறார்கள். தெருமுனைகளில் சின்னச் சின்னக் காவல் சாவடிகள் உண்டு. வழி கேட்பதற்கென்றே அங்கே போகிறவர்கள் ஏராளம். பெரிய ரயில் நிலையங்களில் பெயர்ப் பலகைகள் ஆங்கிலத்திலும் இருக்கின்றன. இவ்வளவும் தெரிந்த பிறகும் தயங்குகிறவர்கள் தயங்கத்தான் செய்கிறார்கள். கொஞ்சம் துருவிக் கேட்டால் வேறு கவலைகள் வெளியே வரும். குச்சியால் எப்படிச் சாப்பிடுவது? பொதுக் குளியலறையில் என்ன செய்ய வேண்டும்? தப்பாக ஏதாவது செய்து, நாலு பேர் திரும்பிப் பார்த்தால்? உயிருக்குப் பயம் என்று நாம் சொல்லிக்கொள்வதில் பெரும்பகுதி, மானத்துக்குப் பயம்.

இதைத் தெளிவாகப் பார்த்தவர் கலெர்வோ ஓபெர்க் என்ற மானிடவியலாளர். 1954-ல் ரியோ டி ஜெனிரோவில் அவர் ஆற்றிய உரையும், 1960-ல் அது கட்டுரையாக அச்சானதும்தான் பண்பாட்டு அதிர்ச்சி என்ற கருத்தை உலகம் முழுக்கக் கொண்டுசேர்த்தன. ஒருவர் சொந்த ஊரில் நடமாடும்போது நூற்றுக்கணக்கான சின்னக் குறிப்புகளை நம்பியே நடமாடுகிறார். எப்போது கை கொடுப்பது, எப்போது டிப்ஸ் வைப்பது, விருந்துக்குக் கூப்பிட்டால் எப்போது ஒப்புக்கொள்வது, எப்போது மறுப்பது என்பதையெல்லாம் யோசிக்காமலே செய்கிறார். வேற்றூரில் இந்தக் குறிப்புகள் மொத்தமாகப் பறிபோகின்றன. அதிலிருந்து பிறக்கும் பதற்றமே இந்த அதிர்ச்சி என்றார் ஓபெர்க். நோய் இதுதான் என்றால் மருந்தும் தெளிவு. தைரியத்தை வரவழைத்துக்கொள்ள வேண்டியதில்லை. அந்த ஊரின் குறிப்புகளைக் கற்றுக்கொண்டால் போதும். ஒரு விருந்தாளியிடம் அந்த ஊர் எதிர்பார்க்கும் மரியாதையும் இதே கற்றல்தான். பயத்தைப் போக்குவது ஒரு வேலை, மரியாதையாக நடந்துகொள்வது இன்னொரு வேலை என்று பிரித்துப் பார்ப்பதால்தான் இரண்டுமே கடினமாகத் தெரிகின்றன.

நம் சமூகத்தின் பழைய பயணப் பயத்தைப் பார்த்தாலும், அது பெரும்பாலும் மானத்துக்கான பயமே என்பது விளங்கும். 1888-ல் லண்டனுக்குப் புறப்பட்ட காந்தியை அவருடைய சாதியார் பம்பாயில் கூட்டம் கூட்டி விலக்கிவைத்தார்கள். கேம்பிரிட்ஜிலிருந்து அழைப்பு வந்தபோது ராமானுஜன் முதலில் மறுத்துவிட்டு, 1914-ல்தான் கப்பலேறினார். இவர்களைச் சுற்றி இருந்தவர்கள் அலைக்கும் புயலுக்கும் அஞ்சவில்லை. சாப்பாடு என்ன ஆகும், ஆசாரம் என்ன ஆகும், ஊர் என்ன சொல்லும் என்பதே கவலை. அன்று சொந்த ஊரின் கண்ணுக்குப் பயந்தார்கள். இன்று அயலூரின் கண்ணுக்குப் பயப்படுகிறோம். இரண்டிலும் கடலுக்கோ விமானத்துக்கோ வேலை அதிகமில்லை. நிஜமான ஆபத்தை அளப்பதிலும் நம் பயம் திறமைசாலி அல்ல. 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு அமெரிக்கர்கள் பலர் விமானத்தை விட்டுவிட்டுக் காரில் நெடுந்தூரம் போனார்கள். அதனால் அடுத்த ஓராண்டில் சாலை விபத்துகளில் கூடுதலாகச் சுமார் 1,500 பேர் இறந்ததாக ஜெர்மானிய உளவியலாளர் கெர்டு கிகெரென்சர் கணக்கிட்டார். அச்சம் சொன்ன வழியே ஆபத்தான வழியாகிவிட்டது.

சரி, கற்றுக்கொள்வது என்றால் என்ன? ஜப்பானியர்களின் வெந்நீர் ஊற்றுக் குளியலையே எடுத்துக்கொள்வோம். வெளிநாட்டவர் அதிகம் மிரளும் இடம் அது. வாசலில் திரைச்சீலை தொங்கும். பெரும்பாலும் நீலம் ஆண்களுக்கு, சிவப்பு பெண்களுக்கு. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனால் உடை மாற்றும் அறை. அங்கே உடைகள் முழுவதையும் கழற்றிக் கூடையில் வைத்துவிட வேண்டும்; நீச்சலுடைக்குக்கூட இடமில்லை. கையில் ஒரு சின்னத் துண்டு மட்டும். அடுத்த அறையில் வரிசையாகக் குழாய்கள், ஒவ்வொன்றின் முன்னும் முக்காலி போன்ற தாழ்ந்த இருக்கை. அதில் உட்கார்ந்து சோப்புப் போட்டுத் தேய்த்துக் குளித்து, நுரை கொஞ்சமும் இல்லாமல் அலசி, உட்கார்ந்த இருக்கையையும் கழுவி வைத்த பிறகே தொட்டியில் இறங்கலாம். தொட்டித் தண்ணீர் எல்லோருக்கும் பொது. ஆகவே அதில் சோப்பு படக்கூடாது, துண்டு நனையக்கூடாது, நீளமான முடியை முடிந்துகொள்ள வேண்டும். துண்டை மடித்துத் தலையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்களைப் பார்க்கலாம். வேடிக்கைக்காக அல்ல, அது தண்ணீரில் விழாமல் இருக்க. முறை இவ்வளவுதான். தெரியாதவருக்கு இது பயங்கரம். ஒருமுறை படித்துவிட்டவருக்குப் பத்து நிமிட வேலை. முறைப்படி செய்கிறவரை அங்கே யாரும் ஏறிட்டும் பார்ப்பதில்லை. அவர் அஞ்சிய பார்வைகள் அத்தனையும் முறை தெரியாமல் சோப்பு நுரையோடு தொட்டியில் இறங்குகிறவருக்காகக் காத்திருப்பவை.

இத்தனை விதிகளைப் படித்தால் பயம் கூடத்தானே செய்யும் என்று கேட்கலாம். வெறும் பட்டியலாக மனப்பாடம் செய்தால் கூடும். காரணத்தோடு தெரிந்துகொண்டால் கூடாது. சோற்றுக் கிண்ணத்தில் குச்சிகளை நட்டு நிறுத்தக்கூடாது என்பது ஜப்பானியச் சாப்பாட்டு மேசையின் முதல் விதி. ஒருவர் குச்சியிலிருந்து இன்னொருவர் குச்சிக்கு உணவை மாற்றக்கூடாது என்பது இரண்டாவது. காரணம், இறந்தவருக்குப் படைக்கும் சோற்றில்தான் குச்சிகளை நட்டுவைப்பார்கள்; தகனத்துக்குப் பிறகு எலும்புகளைக் குச்சியால் எடுத்து அஸ்திக் கலயத்தில் சேர்ப்பார்கள், அப்போது குச்சியிலிருந்து குச்சிக்கு மாற்றுவதும் உண்டு. கல்யாணப் பந்தியில் ஒருவர் விளையாட்டாக வாய்க்கரிசி போட்டுக்காட்டினால் நமக்கு எப்படி இருக்குமோ, அப்படித்தான் அவர்களுக்கும். இந்தக் காரணம் தெரிந்த தமிழர் அந்த விதியை இனி மறக்கமாட்டார். வீட்டுக்குள் செருப்புக் கூடாது என்ற விதியை நமக்குச் சொல்லித்தரவே வேண்டாம். அதன் நீட்சியை மட்டும் தெரிந்துகொண்டால் போதும்: உள்ளே போட்டுக்கொள்ளத் தரும் செருப்பையும் பாய் விரித்த அறையின் வாசலிலேயே விட்டுவிட வேண்டும், கழிவறைக்குத் தனிச் செருப்பு, அதோடு கூடத்துக்கு வந்துவிடக்கூடாது.

தமிழ்ப் பயணிகளின் தீராத கவலை சாப்பாடு. இங்கே மரியாதையும் சொந்த நெறியும் மோதுவதுபோல் தோன்றும். ஜப்பானிய சூப்பிலும் குழம்பிலும் அடித்தளமாக இருக்கும் சாறு பெரும்பாலும் காய்ந்த சூரை மீனின் சீவலிலிருந்து வருகிறது. மேலே மிதப்பது காய்கறி மட்டும் என்றாலும் உள்ளே மீன் உண்டு. சைவம் சாப்பிடுகிறவர் என்ன செய்வது? பரிமாறிய பிறகு முகம் சுளித்துத் தள்ளிவைப்பது ஒரு வழி. இது எது, அது எது என்று ஒவ்வொரு தட்டாக விசாரித்துச் சமையற்காரரைத் திணறடிப்பது இன்னொரு வழி. முன்பதிவு செய்யும்போதே எதெல்லாம் கூடாது என்பதை ஜப்பானிய மொழியில் எழுதி அனுப்பிவிடுவது மூன்றாவது வழி. வேற்றுப் பண்பாட்டில் கலப்பது என்பதற்கு நம் நெறிகளைக் கைவிடுவது என்று பொருளில்லை. மறுக்க வேண்டியதை உரிய நேரத்தில், உரிய முறையில் மறுப்பதும் அதில் சேரும். தேடுகிறவருக்கு அந்த மரபுக்குள்ளேயே இடமும் கிடைக்கும். 9-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கூக்காய் என்ற துறவி நிறுவிய கோயாசான் மலைக் கோயில்களில் பயணிகள் தங்கலாம்; அங்கே பரிமாறும் துறவிகளின் உணவில் இறைச்சி, மீன் மட்டுமல்ல, வெங்காயமும் பூண்டும்கூட இருக்காது. ஜப்பானிய உணவு நமக்கு ஒத்துவராது என்று உள்ளூரிலிருந்தே முடிவு கட்டியவருக்கு இது தெரிய வாய்ப்பில்லை.

அப்படியானால் புத்தகமும் காணொளியும் போதுமே, நேரில் எதற்குப் போக வேண்டும் என்பது அடுத்த கேள்வி. இதற்கு ஆய்வுகளில் விடை இருக்கிறது. வெவ்வேறு குழுக்களைச் சேர்ந்தவர்கள் ஒருவரோடொருவர் பழகும்போது தப்பெண்ணம் குறையுமா என்று உளவியலாளர் கார்டன் ஆல்போர்ட் 1954-ல் எழுப்பிய கேள்வியை, தாமஸ் பெட்டிக்ரூவும் லிண்டா டிராப்பும் 515 ஆய்வுகளைத் திரட்டி 2006-ல் மதிப்பிட்டார்கள். பெரும்பாலானவற்றில் விடை, குறையும் என்பதே. எதனால் குறைகிறது என்று இரண்டாண்டுகள் கழித்து அவர்கள் பார்த்தபோது, மற்றவர்களைப் பற்றிய அறிவு கூடியது சிறிய காரணமாகவும், பழகுவதில் இருந்த பதற்றம் தணிந்ததும் அவர்கள் நிலையில் நின்று பார்க்க முடிந்ததும் பெரிய காரணங்களாகவும் தெரிந்தன. படித்தது வாசல்வரை கொண்டுபோய் விடும். பதற்றம் முழுதும் கரைவது பழகும்போதுதான். 1930களில் புகைப்படக் கலை படிக்க ஜப்பான் போன ஏ. கே. செட்டியார், தமிழ்ப் பயண எழுத்தின் முன்னோடி. அவருடைய கட்டுரைகளில் அவர் தென்படுவது குறைவு. எதிர்ப்பட்ட சாதாரண மனிதர்களும் அவர்கள் நடந்துகொண்ட விதமுமே நிறைந்திருக்கும். தன்னை எல்லோரும் பார்க்கிறார்கள் என்ற நினைப்பை விட்டுவிட்டு மற்றவர்களைப் பார்க்கத் தொடங்கினால் கூச்சத்துக்கு இடமேது?

பயமே இல்லாத பயணிதான் நல்ல பயணியா என்றால், அதுவும் இல்லை. கியோத்தோவின் கியோன் பகுதியில், ஒப்பனையும் கிமோனோவுமாக வேலைக்கு விரையும் கெய்கோ, மைகோ எனப்படும் ஆடல்பாடல் கலைஞர்களான பெண்களைத் துரத்தித் துரத்திப் படமெடுத்தார்கள் சுற்றுலாப் பயணிகள். தனியார் சந்துகளில் அனுமதியின்றிப் படமெடுத்தால் 10,000 யென் அபராதம் என்று 2019-ல் பலகை வைத்தார்கள். அதுவும் போதாமல், 2024-ல் அந்தச் சந்துகளுக்குள் பயணிகள் நுழைவதற்கே தடை வந்தது. ஆஸ்திரேலியாவின் உலூரு பாறை அனங்கு பழங்குடி மக்களுக்குப் புனிதமானது; தயவுசெய்து ஏறாதீர்கள் என்று அடிவாரத்தில் பல ஆண்டுகள் பலகை இருந்தது. 2019 அக்டோபரில் ஏறுவதற்குத் தடை வருகிறது என்றதும், அதற்குள் ஏறிவிட வேண்டும் என்று வரிசை கட்டினார்கள். இவர்கள் யாரும் பயந்தவர்கள் அல்ல. தயங்குகிறவரிடம் இருக்கும் ஒன்று இவர்களிடம் இல்லை: நாம் செய்வது இங்கே சரிதானா என்ற கேள்வி. பயந்த சுபாவக்காரர்கள் தங்கள் குறை என்று நினைத்து வெட்கப்படுவது, நல்ல விருந்தாளியாவதற்கான தகுதியில் பாதி. அந்தக் கேள்வியோடு வீட்டிலேயே உட்கார்ந்துவிடாமல், விடையைத் தேடிக்கொண்டு கிளம்ப வேண்டும், அவ்வளவுதான்.

எல்லாப் பயத்தையும் கூச்சக் கணக்கில் எழுதிவிட முடியாது என்பதும் உண்மை. பாதுகாப்பானது என்று பெயரெடுத்த ஜப்பானிலேயே, நெரிசல் நேரத்து ரயில்களில் பெண்களுக்குத் தனிப் பெட்டி ஒதுக்க வேண்டிய நிலை இருக்கிறது. நிலநடுக்கமும் அங்கே அடிக்கடி வருவது. இவற்றுக்கு அஞ்சுவது அறிவு. ஆனால் நிஜ ஆபத்துக்குக் கையில் பிடித்துச் செய்யக்கூடிய மாற்று உண்டு: தனிப் பெட்டியில் ஏறுவது, தங்கும் இடத்தின் அவசர வழியைப் பார்த்து வைப்பது, காப்பீடு எடுப்பது, காவலுக்கு 110, ஆம்புலன்ஸுக்கு 119 என்று எழுதி வைத்துக்கொள்வது. எதைச் செய்தாலும் தணியாமல், விமானம் என்ற நினைப்பிலேயே மூச்சு முட்டும் அளவுக்குப் போனால் அது மருத்துவ விஷயம். அஞ்சும் பொருளைப் படிப்படியாக நெருங்கிப் பழகவைக்கும் சிகிச்சை அரை நூற்றாண்டுக்கு மேலாகப் புழக்கத்தில் இருக்கிறது. உளவியல் நிபுணரிடம் போவதில் தவறில்லை.

இதெல்லாம் காசு உள்ளவர்களுக்கு என்று ஒரு முணுமுணுப்பு கேட்கும். ஜப்பான் செலவு பிடிக்கும் ஊர்தான். ஆனால் முன்சொன்ன பாடத்துக்குப் பாஸ்போர்ட் கட்டாயமில்லை. மேகாலயாவின் மாஃப்லாங் புனிதக் காட்டுக்குப் போகிறவர், அங்கிருந்து ஓர் இலையைக்கூட எடுத்து வரக்கூடாது என்பது அங்குள்ள காசி (Khasi) பழங்குடி மக்களின் விதி. சட்டைப்பையில் ஒரு கூழாங்கல்லைப் போட்டுக்கொள்ளும் பழக்கத்தை அடக்கிக்கொண்டு, உள்ளூர் வழிகாட்டியின் பின்னால் நடந்து, அவர் சொல்வதைக் கேட்டுவிட்டு வருவதும் இதே பயிற்சிதான். சின்னப் பயணத்தில் பழகியவருக்குப் பெரிய பயணம் மலைப்பாக இராது.

ஆகவே பயணத் திட்டத்தின் வரிசையை மாற்றிப்போட வேண்டும். பார்க்க வேண்டிய பத்து இடங்களைத் தேடுவதற்கு முன், அந்த ஊரில் செய்யக்கூடாதவை எவை, ஏன் கூடாது என்பதைத் தேட வேண்டும். அப்படிப் போனாலும் தவறுகள் நடக்கும். கழிவறைச் செருப்போடு ஒருநாள் கூடத்துக்கு வந்து நிற்கலாம். முறையை அறிய முயன்ற விருந்தாளியையும் முறையே கிடையாது என்று நினைத்த விருந்தாளியையும் எந்த ஊர்க்காரருக்கும் பிரித்துப் பார்க்கத் தெரியும். முன்னவரின் தவறு ஒரு புன்னகையோடு முடிந்துவிடும். அதற்குமேல் பயப்பட என்ன இருக்கிறது?