எல்லைப்புற வகுப்பறையில் விரைவுக் குறியீடு: பாறசாலை, நெய்யாற்றின்கரை வழக்கை முன்வைத்து

1956 நவம்பர் 1ஆம் நாள் மாநிலங்கள் மொழிவழியாகத் திருத்தியமைக்கப்பட்டபோது, திருவிதாங்கூரின் அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு வட்டங்கள் அன்றைய சென்னை மாநிலத்துடன் இணைந்து கன்னியாகுமரி மாவட்டமாயின. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. களியக்காவிளைக்கு இப்புறம் ஒரு மாநிலம், பாறசாலைப் பக்கம் மற்றொரு மாநிலம் என நிலப்படம் காட்டும். பேச்சுவழக்கு இக்கோட்டைப் பொருட்படுத்துவதில்லை. இருபுறத்துச் சிற்றூர்களிலும் குடிநீர் 'வெள்ளம்' எனப்படும். பலா 'சக்கை' ஆகும். மரவள்ளிக் கிழங்கு 'மரச்சீனி' ஆகும். இவ்வழக்குடன் பள்ளிக்கு வரும் மாணவனுக்குத் தமிழ்ப் பாடநூலில் வெள்ளம் என்பது ஊரை அழிக்கும் பெருக்கு. சக்கை என்பது சாறு பிழிந்தபின் எஞ்சுவது.

இம்மாணவனின் நூலில் இன்று அச்சாகும் கறுப்பு வெள்ளைச் சதுரத்தை, அதாவது மக்கள் 'கியூஆர் கோடு' என வழங்கும் விரைவுக் குறியீட்டை, மொழியியல் நோக்கில் ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும். ஜப்பானின் டென்சோ வேவ் நிறுவனத்தைச் சேர்ந்த மசாஹிரோ ஹாராவும் அவர் குழுவினரும் 1994இல் இதனை உருவாக்கினர். வாகன உதிரிபாகங்களை அடையாளங்காண்பதே அன்றைய தேவை. தமிழ்நாட்டில் 2018ஆம் ஆண்டின் புதிய பாடநூல்களில் இது இடம்பெற்றது. கேரளப் பாடநூல்களிலும் உண்டு. கைப்பேசியை நீட்டியதும் காணொளி தோன்றுவது மாணவர்க்கு முதலில் வியப்பளிக்கும் என்பது உண்மையே. ஆயினும் தேநீர்க் கடைதோறும் பணம் செலுத்த ஒட்டப்பட்டுள்ள ஒரு பொருளின் புதுமை எத்தனை நாள் நிலைக்கும்? குறியீடு ஒரு வாயில் மட்டுமே. அதனுள்ளே எம்மொழி ஒலிக்கிறது என்பதே வினா.

இதற்குத் தக்க சான்று மற்றோர் எல்லைப்புறத்தில் கிடைக்கிறது. மகாராட்டிரத்தின் சோலாப்பூர் மாவட்டத்துப் பரிதேவாடி என்னும் சிற்றூரில் ஆசிரியராகச் சேர்ந்த ரஞ்சித்சிங் டிசலே, பாடநூலின் மொழி மாணவியரின் தாய்மொழியாகிய கன்னடம் அன்று என்பதைக் கண்டார். அவர் முதலில் செய்தது கன்னடம் கற்றதாகும். அதன்பின் 1 முதல் 4 வரையிலான வகுப்புகளின் நூல்களைத் திருத்தியமைத்துக் குறியீடுகளைச் சேர்த்தார். அவற்றின் வழியே பாடல்களும் கதைகளும் பயிற்சிகளும் கன்னடத்தில் கிடைத்தன. 2020இல் அவருக்கு உலக ஆசிரியர் பரிசு கிடைத்தபோது பலரும் கருவியையே பாராட்டினர். மொழியைக் கற்ற உழைப்பே பாராட்டுக்குரியது என்பது என் கருத்து.

பாறசாலையில் சிக்கல் இன்னும் நுட்பமானது. இங்குத் தமிழ் பயிலும் மாணவன் மூன்று சொல்வரிசைகளினூடே வாழ்கிறான்: வீட்டு வழக்கு, நூல் தமிழ், மலையாளம். 2017ஆம் ஆண்டுக் கேரளச் சட்டம் பத்தாம் வகுப்பு வரை மலையாளத்தைக் கட்டாயப் பாடமாக்கியது. தமிழில் 'ஒளிச்சேர்க்கை' என்பது மலையாளத்தில் 'பிரகாச சம்ஸ்லேஷணம்'. 'முடுக்கம்' அங்கு 'த்வரணம்'. இவை வேறுபட்டிருத்தலால் மயக்கம் இல்லை. மயக்கம் தருவன ஒத்த வடிவுடைய சொற்களே. 'அவசரம்' மலையாளத்தில் வாய்ப்பைக் குறிக்கும், 'சம்சாரம்' பேச்சைக் குறிக்கும், 'உபன்யாசம்' கட்டுரையாகும். மொழிபெயர்ப்பாளர் இடறும் இவ்விடங்களிலேயே மாணவனும் இடறுகிறான். எல்லைக்கப்பால் உருவான காணொளியை அப்படியே இங்குத் திறந்துவிடுவதால் இது தீராது. மூன்று சொற்களையும் அருகருகே ஒலிக்கச் செய்யும் உள்ளூர்க் குறியீடுகள் தேவைப்படுகின்றன.

அவற்றை ஆசிரியரே உருவாக்கலாம். இணைய முகவரியைக் குறியீட்டில் பொதிப்பது ஒரு முறை. சொற்பொருளையே பொதிப்பது மற்றொரு முறை. பின்னதற்கு இணைய இணைப்பு வேண்டியதில்லை. ஆனால் இங்குத் தமிழ் எழுத்துமுறை ஒரு விலை கொடுக்கிறது. யூனிகோடின் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் 3 பைட் இடம் கொள்ளும். உயிர்க்குறியும் புள்ளியும் தனித்தனியே எண்ணப்படும். 'வெள்ளம்' நமக்கு 4 எழுத்து. கணினிக்கு 7 குறிகள், 21 பைட். ஜப்பானியரின் காஞ்சி எழுத்துக்கோ, குறியீட்டை வகுத்தபோதே ஒன்றுக்கு 13 பிட் போதுமாறு தனி வழி அமைத்துக்கொண்டனர்! தமிழுக்கும் மலையாளத்திற்கும் அத்தகைய வழி இல்லை. பக்கத்திற்கு 57 கட்டங்கள் கொண்ட நடுத்தர அளவுக் குறியீடு, இடைநிலைப் பிழைதிருத்தத்துடன், 213 பைட் கொள்ளும். அதாவது 71 தமிழ்க் குறிகள். ஒரு சொல்லும் அதன் இருமொழிப் பொருளும் ஒரு சிறு தொடரும் அடங்கும், அவ்வளவே. ஆதலின் எழுத்தைக் குறியீட்டிலும், ஒலிப்பதிவை இணையத்திலோ பள்ளிக் கணினியிலோ வைப்பது பொருந்தும். உயர்நிலைப் பிழைதிருத்தம் கொண்டால் ஏறத்தாழ 30 விழுக்காடு சிதைந்தாலும் குறியீடு வாசிக்கப்படும், கொள்ளளவு குறையும். பலர் கைபடும் வகுப்புச் சுவரில் ஒட்டுவதற்கு இதுவே ஏற்றது.

மாணவர்கள் தம் வீட்டு முதியோரிடம் சொற்களைக் கேட்டுப் பதிவுசெய்து, அவற்றுக்குக் குறியீடு அமைப்பதே தக்க பயிற்சியாகத் தோன்றுகிறது. ஆசிரியரின் ஒரே கைப்பேசி இதற்குப் போதும். அப்போது மாணவன் பார்ப்பவனாக அன்றித் தொகுப்பவனாகிறான். ஒவ்வொரு பதிவுடனும் பேசுவோரின் ஒப்புதல் பெற்று, பெயரை விடுத்து, வயது, சிற்றூர், பதிவான நாள் ஆகியவற்றைக் குறித்தல் வேண்டும். சொல்லைத் திருத்தி எழுதுதல் கூடாது. 'மரச்சீனி' என்று பாட்டி கூறினால் மரச்சீனி என்றே பதிதல் வேண்டும். நூற்சொல் அதனருகில் நிற்கட்டும்.